ஞாயிறு காலை யாருக்கு?

மைக் அக்காவிடம் மைக் இருந்ததே இல்லை. அதனால்தான் அந்தப் பெயர். பொதுக்கூடத்து வாசலில் நின்று "தையல் கிளாஸ் ஆரம்பிக்குது!" என்று அவள் ஒரு குரல் கொடுத்தால், மூன்றாவது தெருவில் இருப்பவள் அவசரமாகச் செருப்பைத் தேடுவாள். கூடத்துக்கு ஒலிபெருக்கி வாங்கித் தருகிறேன் என்று ஒரு புண்ணியவான் முன்வந்தபோது, கமிட்டிக்காரர்கள் அவரைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், பேசாமல் மின்விசிறியாக வாங்கிக்கொண்டார்கள்.

அந்தக் கூடம் கூடமாகப் பிறக்கவில்லை. அது பழைய பஸ் டிப்போ. நகரம் பெருத்து, பஸ்களை எல்லாம் வெளியே கொண்டுபோய் நிறுத்த ஆரம்பித்ததும், அந்தப் பெரிய தகரக் கூரை சும்மா நின்றது. மழைக்காலத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் அதற்குள் துணி காயப்போட்டார்கள். துணி காயும்வரை வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? பேசினார்கள். பேச்சோடு பேச்சாக ஒருத்தி இன்னொருத்திக்குத் தையல் சொல்லிக்கொடுத்தாள். தையலுக்கு வந்தவர்களின் பிள்ளைகள் போட்ட கூச்சல் தாங்காமல், ஒரு வாத்தியார் அவர்களை ஒரு மூலையில் பிடித்து உட்காரவைத்து எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். வேலை கிடைக்காதவர்கள் சதுரங்கம் ஆட வந்தார்கள். வேலை கிடைத்த பிறகும் போகவில்லை. ஒரு வருடம் ஆறு கரையை உடைத்துக்கொண்டு தெருவுக்குள் வந்தபோது, மொத்த வட்டாரமும் இந்தக் கூரைக்குக் கீழேதான் படுத்து எழுந்தது. அதற்கப்புறம் இதை இடிக்கப்போகிறோம் என்று சொல்ல எந்த அதிகாரிக்கும் நா எழவில்லை. 'பொதுக்கூடம்' என்று ஒரு பலகையை மாட்டி, ஏதோ தாங்களே செங்கல் சுமந்து கட்டியதுபோலப் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள்.

வெள்ளத்தின்போது மைக் அக்காவுக்கு ஆறு வயது. எட்டாம் எண் பஸ் நிற்கும் இடத்தில் பாய் விரித்து அவள் குடும்பம் படுத்திருந்தது. சுவரில் அந்த எட்டு இன்றைக்கும் இருக்கிறது. சுண்ணாம்பு அடிக்க வருகிறவர்களிடம், "அந்த நம்பர் மேல மட்டும் பிரஷ் பட்டுச்சு, நடக்கிறதே வேற" என்று முதலிலேயே சொல்லிவிடுவாள்.

டிப்போ காலத்திலிருந்து மிச்சமிருப்பது நம்பர்கள் மட்டுமல்ல. பஸ்கள் ஓடிய நாளில் டைம்கீப்பர் காலையில் நடுவில் நின்றுகொண்டு ஒவ்வொரு வழித்தடமாகக் கூவுவார். எந்த டிரைவர் முதலில் "எனக்கு" என்கிறாரோ அவருக்கு அந்த வண்டி. டிப்போ கூடமானபோது அதே டைம்கீப்பர்தான் கூடத்தின் முதல் பொறுப்பாளர். மனுஷருக்கு வேறு முறை தெரியாது. திங்கட்கிழமை மாலை எல்லாரையும் நிற்கவைத்து, "செவ்வாய் காலை யாருக்கு? செவ்வாய் சாயங்காலம் யாருக்கு?" என்று கூவினார். முதலில் "எனக்கு" என்றவருக்குக் கூடம். அவருக்குப் பிறகு இருவர் வந்துபோனார்கள், இப்போது இருபது வருடமாக மைக் அக்கா. கூவல் மட்டும் மாறவில்லை. நகராட்சி ஒரு தடித்த பதிவுப் புத்தகம் கொடுத்தனுப்பியது. அது ஆடிக்கொண்டிருந்த மேஜைக்கு முட்டுக்கொடுக்க நன்றாக உதவியது.

கூவலுக்குச் சில சட்டங்கள் உண்டு. கூவுகிறவர் தனக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கொடுத்ததைக் கூவுகிறவரே திரும்பப் பிடுங்கவும் கூடாது. சன்னக் குரல்காரர்கள் பேசினால், கூவுகிறவர் பக்கத்தில் போய் நின்று கேட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி திருப்பிச் சொல்ல வேண்டும். ஒருவர் எடுத்த நேரம் இன்னொருவருக்கு அவசரமாகத் தேவைப்பட்டால், டிப்போ மணியை அடித்து, கூடத்தில் இருக்கிற எல்லார் முன்னாலும் காரணத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். காரணத்தை மென்று முழுங்கக் கூடாது. விடுவதும் விடாததும் எடுத்தவர் இஷ்டம். ஒருமுறை கவுன்சிலர் பரிவாரத்தோடு வந்து இறங்கினார். மணி அடிக்க அவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. சதுரங்கக்காரர்கள் ஆட்டம் முடித்து எழும்வரை காரிலேயே உட்கார்ந்திருந்துவிட்டு, அப்புறம்தான் உள்ளே வந்து பேசினார். மைக் அக்காவுக்கு அதில் இன்றைக்கும் பெருமை.

இப்படிச் சட்டம் பேசுகிறவள்தான் அந்த வாரம் வசமாக மாட்டிக்கொண்டாள்.

விஷயம் இதுதான். மைக் அக்காவுக்குக் கல்யாணம். வயது நாற்பத்தெட்டு. மாப்பிள்ளை லிஃப்ட்காரர். அதாவது, நகரத்தின் பெரிய கட்டடங்களில் லிஃப்ட் பழுதானால் போய்ச் சரிசெய்கிற மெக்கானிக். மனைவியை இழந்து பல வருடமானவர். வியாழக்கிழமை தோறும் பாட்டுக் குழுவுக்கு வருவார். உதடு அசையும், சத்தம் வராது. ஒரு வருடம் வரைக்கும் அவர் சும்மா வாயசைக்கிறார் என்றுதான் குழுவில் நினைத்திருந்தார்கள். பக்கத்தில் போய் நின்று கேட்டவள் மைக் அக்கா ஒருத்திதான். அருமையாகப் பாடினார். ஊருக்கே கேட்கிற குரல் இவளுக்கு; காதை ஒட்டி வைத்தால்தான் கேட்கிற குரல் அவருக்கு. அவர் சொல்வதைக் கேட்கப் பக்கத்தில் வந்து வந்து நின்றதில் விஷயம் முற்றிவிட்டது.

"கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்று அவர் கேட்டபோது, இரண்டு முறை "என்ன?" என்றாள், மூன்றாவது முறைதான் தலையாட்டினாள். முதல் தடவையே தெளிவாகக் கேட்டுவிட்டதென்றும், கேட்க நன்றாக இருந்ததால் சும்மா திரும்பச் சொல்லவைத்ததாகவும் பிறகு தங்கையிடம் ஒப்புக்கொண்டாள்.

தங்கையைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. இந்த வயதில் கல்யாணமா என்று நாலு பேர் சிரித்துவிடுவார்களோ என்று அவளுக்கு உள்ளூர உதறல். பதிவாளர் அம்மாள் வந்து பதிவுசெய்ய ஞாயிற்றுக்கிழமை காலை என்று நாளும் குறித்தாகிவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து கூரை மாற்றும் வேலை. மூன்று மாதம் கூடத்துக்குப் பூட்டு. ஆகவே இந்த ஞாயிறை விட்டால் இங்கே கல்யாணம் இல்லை. கூவுகிறவள் தனக்கென்று எடுக்கக் கூடாது, ஆனால் மாப்பிள்ளை எடுக்கலாமே? திங்கட்கிழமை அவர் வந்து நின்று "எனக்கு" என்று சொல்லிவிடுவது என்று ஏற்பாடு.

திங்கட்கிழமை எள் போட்டால் எள் விழாத கூட்டம். பூட்டுவதற்கு முந்தைய கடைசி வாரம் இல்லையா! லிஃப்ட்காரர் இடிபட்டுக்கொண்டு பின்னால் கதவோரம் நின்றார். செவ்வாய், புதன், வியாழன் என்று மைக் அக்கா பொளந்து கட்டினாள். சனிக்கிழமை மாலை வரைக்கும் கூரை அதிர்ந்தது. அடுத்தது ஞாயிறு. வாயைத் திறந்தாள். கூட்டத்துக்கு மேலாக அவர் முகம் தெரிந்தது. தலைக்கு எண்ணெய் வைத்துப் படிய வாரி, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தார். அவ்வளவுதான். அவளுக்குக் காது மடல்வரை சிவந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"ஞாயிறு காலை யாருக்கு?" என்றாள். இருபது வருடத்தில் முதல் தடவையாக, முன்வரிசைக்கு மட்டும் கேட்கும்படி.

"எனக்கு!" என்றார் முன்வரிசையில் நின்ற பல் டாக்டர்.

பகலில் பல் பிடுங்குகிறவர், மாலையில் நாடகக் குழு நடத்துகிறவர். அவருக்குக் குரலும் உண்டு, கையைத் தூக்குகிற வேகமும் உண்டு. மைக் அக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. "கொடுத்தாச்சு" என்று சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லியும்விட்டாள்.

கூட்டம் கலைந்தது. லிஃப்ட்காரர் மட்டும் நகராமல் நின்றார். மைக் அக்கா பக்கத்தில் போனாள்.

"ஞாயித்துக்கிழமைய எப்ப கூப்பிடுவீங்க?" என்று கேட்டார்.

"கூப்பிட்டாச்சுங்க."

"எனக்குக் கேக்கலியே!"

"எனக்கே கேக்கல" என்றாள் மைக் அக்கா. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அவர் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அது அவளை இன்னும் படுத்தியது.

தங்கை அப்படி விடுகிற ஆள் இல்லை. "ஊருல யாருக்குக் கொழந்த பொறந்தாலும் கூரை பேந்துபோற மாதிரி கத்துவ! உன் கல்யாணத்துக்கு மட்டும் பூனைக்குட்டி மாதிரி முனகினியா?" என்று வறுத்தெடுத்தாள். "சாவி உன் கையிலதான இருக்கு? டாக்டர்கிட்ட போயி, தப்பு நடந்துபோச்சு, கூடம் இல்லன்னு சொல்லு. முடிஞ்சுது கதை."

"அப்படிச் செஞ்சா அப்புறம் நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அங்க கூவுறது?"

"அப்ப மணிய அடிச்சுக் கேளு."

"காரணம் சொல்லணும்டி, எல்லார் முன்னாடியும்."

"கொல பண்ணவா போற? கல்யாணம் பண்ணத்தான போற?"

தங்கை தலையில் அடித்துக்கொண்டு, புதன்கிழமை அவளை வாடகை மண்டபம் ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போனாள். குளுகுளுவென்று இருந்தது. நாற்காலிகளுக்கெல்லாம் வெள்ளை உறை மாட்டி, முதுகில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். மேனேஜர் கழுத்துப் பட்டையைச் சரிசெய்துகொண்டு, "டைம் முடிஞ்சதும் லைட் தானா அணைஞ்சிடும் மேடம்" என்றான். மைக் அக்கா ஒரு நாற்காலியை நகர்த்திப் பார்த்தாள். நகரவில்லை. தரையோடு திருகியிருந்தது.

வெளியே வந்ததும் சொன்னாள்: "நம்ம அம்மா அந்தக் கூடத்துலதான் தையல் கத்துக்கிட்டு நம்ம ரெண்டு பேரையும் ஆளாக்குனாங்க. வெள்ளத்துல நமக்குச் சோறு போட்ட எடம். அவரு எனக்குக் கெடச்ச எடம். எனக்கு அங்கதான்டி வேணும். வேற எங்க பண்ணாலும் வீட்டுக்குத் தெரியாம பண்ண மாதிரி இருக்கும்."

"அத என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அங்க போயி சொல்லு" என்றாள் தங்கை.

வியாழக்கிழமை மாலை பாட்டுக் குழுவின் நேரம்; கடைசி வாரம் என்று மற்றவர்களும் வந்து ஒட்டிக்கொண்டதில் கூடம் களைகட்டியிருந்தது. ஒரு பக்கம் பாட்டுக் குழு தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தது. பழைய நாளில் பஸ்ஸுக்கு அடியில் இறங்கி வேலை பார்த்த பள்ளத்தைப் பலகை போட்டு மூடி, அதன் மேல் சதுரங்கக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. மேடையில் நாடகக் குழு ஜெயில் செட் போட்டிருந்தது. பல் டாக்டர் ஏணியில் ஏறி நின்று, சிறைக் கம்பிகளுக்குக் கறுப்புச் சாயம் அடித்துக்கொண்டிருந்தார். மைக் அக்கா மணியருகே போவாள். திரும்பி வருவாள். மறுபடி போவாள். யாராவது பார்த்துவிட்டால், துணியை எடுத்து மணியைத் துடைப்பாள். அந்த மணி டிப்போ காலத்தில்கூட அப்படிப் பளபளத்திருக்காது.

நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று துணியை உதறிக்கொண்டு வாசல் பக்கம் திரும்பினாள். பின்னால் டங் என்று மணி அடித்தது.

மணியின் கயிற்றைப் பிடித்தபடி லிஃப்ட்காரர் நின்றார். மிஷின்கள் நின்றன. பாட்டு நின்றது. அவர் ஏதோ சொன்னார்.

"கேக்கல!" என்றார்கள் சதுரங்கக்காரர்கள்.

மறுபடி சொன்னார். மறுபடியும் கேட்கவில்லை. எல்லாரும் மைக் அக்காவைப் பார்த்தார்கள். சன்னக் குரல்காரர் பேசினால் திருப்பிச் சொல்வது யார் வேலை? வேறு வழியில்லாமல் பக்கத்தில் போய் நின்றாள்.

"என்ன பண்றீங்க நீங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை காலை வேணும்" என்றார்.

"லிஃப்ட்காரர் ஞாயித்துக்கிழமை காலையக் கேக்குறாரு!" அவளைக் கேட்காமலேயே அவள் வாய் தன் வேலையைப் பார்த்தது.

"காரணம்?" என்றார் பல் டாக்டர், ஏணியிலிருந்தபடியே.

"கல்யாணம்" என்றார் லிஃப்ட்காரர்.

மைக் அக்கா எச்சில் விழுங்கினாள். காரணத்தை விழுங்க முடியாது. "கல்யாணம்!" என்றாள். கூரை ஒருமுறை அதிர்ந்தது.

"அட! யாருக்கு?"

"எனக்கு."

"அவருக்கு!"

"லிஃப்ட் மேல ஏறிடுச்சுடோய்!" என்று சதுரங்கப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கூடம் சிரித்தது. தையல் டீச்சர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு எழுந்து நின்றாள். "பொண்ணு யாருன்னு சொல்லலியே?"

லிஃப்ட்காரர் மைக் அக்காவைப் பார்த்தார். அவர் கண்ணில் குறும்பும் இருந்தது, கெஞ்சலும் இருந்தது.

"நான் சொன்னா யாருக்கும் கேக்காதுங்க. நீங்களே சொல்லிடுங்க."

அவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. திங்கட்கிழமை ஒட்டிக்கொண்ட நாக்கு அதே இடத்தில் மறுபடி ஒட்டிக்கொண்டது. அத்தனை முகங்களும் அவளையே பார்த்தன. லிஃப்ட்காரர் அவசரப்படுத்தவில்லை. கதவு எப்படியும் திறக்கும் என்று தெரிந்தவர்போல நிதானமாக நின்றார். அதைப் பார்த்ததும் அவளுக்கு எங்கிருந்தோ ஒரு ரோஷம் வந்தது. அடுத்தவர் சந்தோஷத்தை எல்லாம் இருபது வருடமாகக் கூவித் தீர்த்தவள், தன்னுடையதைச் சொல்ல ஏன் வெட்கப்பட வேண்டும்?

"நான்தான்!"

எதிர்ச்சாரியில் ஜன்னல்கள் திறந்தன. சைக்கிளில் போனவன் பிரேக் போட்டுக் காலை ஊன்றினான். ஏணியில் நின்ற பல் டாக்டரின் கையிலிருந்து பிரஷ் கீழே விழுந்தது.

சிரித்தார்கள். நிஜமாகவே எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அவள் பயந்தது இந்தச் சிரிப்பை அல்ல. தையல் டீச்சர் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். "இத்தன நாள் எடுத்துக்கிட்டீங்களே அக்கா, சொல்றதுக்கு!"

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"அவரு பாடுறப்பல்லாம் தூணோட தூணா ஒட்டிக்கிட்டு நிப்பீங்களே, எங்களுக்கெல்லாம் கண்ணு இல்லியா?"

"எனக்கு யாருமே சொல்லல" என்றார் பல் டாக்டர், உண்மையிலேயே மனம் நொந்துபோய்.

அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. விடுவதும் விடாததும் எடுத்தவர் இஷ்டம். பல் டாக்டர் ஏணியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். கையைத் துடைத்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். அவருக்குக் கிடைத்திருக்கிற கூட்டத்தை அவர் அவ்வளவு சீக்கிரம் விடுவாரா?

"தர முடியாது" என்றார்.

மைக் அக்காவின் முகம் விழுந்துவிட்டது. இருந்தாலும் தலையை ஆட்டினாள். சட்டம் சட்டம்தான்.

"இருங்க, வசனம் இன்னும் முடியல. தெருத்தெருவா நோட்டீஸ் ஒட்டியாச்சு. எங்க மாமியாரே வர்றாங்க, நாடகத்தை நிறுத்துனா எனக்கு வீட்டுல சோறு கெடையாது. முழுசாத் தர முடியாது. நடுவுல இடைவேளை இருக்குல்ல? அதத் தர்றேன், எவ்வளவு நேரம் வேணுமோ எடுத்துக்குங்க. ஆனா செட்டு மேல கை வைக்கக் கூடாது, சாயம் காயறதுக்கே ஞாயித்துக்கிழமை ஆயிடும்."

"ஜெயிலுக்கு முன்னாடியா கல்யாணம்?" என்றாள் மைக் அக்கா.

"பொருத்தமாத்தான் இருக்கு" என்றார் ஒரு சதுரங்கக்காரர். அவர் மனைவி தையல் மிஷினுக்குப் பின்னாலிருந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் குனிந்து குதிரையை நகர்த்தினார்.

அப்படித்தான் நடந்தது. ஞாயிற்றுக்கிழமை நாடகம் பார்க்க வந்தவர்களும் கல்யாணத்துக்கு வந்தவர்களும், இரண்டையும் கேள்விப்பட்டு வந்தவர்களுமாகக் கூடம் பிதுங்கியது. முதல் பாதி முழுவதும் மைக் அக்கா புதுத்துணி உடுத்திக்கொண்டு வாசலிலேயே நின்றாள். கல்யாணப் பெண்ணாச்சே என்று தங்கை கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "வர்றவங்களுக்கு எடம் யாரு காட்டுறது?" என்று கேட்டுவிட்டாள் மைக் அக்கா.

இடைவேளையில் பதிவாளர் அம்மாள் மேடை ஏறினார். கம்பிகளைப் பார்த்தார். கோடு போட்ட உடையில் வரிசையாக நின்றவர்களைப் பார்த்தார். தொப்பியும் மீசையுமாக நின்ற பல் டாக்டரைப் பார்த்தார்.

"இவங்கல்லாம் யாரு?"

"எங்க சொந்தக்காரங்க" என்றார் லிஃப்ட்காரர். பதிவாளர் அம்மாளுக்கு நன்றாகவே கேட்டது.

ஜெயிலர் மேஜையில் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டார்கள். ஒரு கைதி சாட்சிக் கையெழுத்துப் போட்டார். பாட்டுக் குழு பாடியது. கைதட்டலில் கூரைத் தகரம் படபடத்தது. எப்படியும் அடுத்த வாரம் மாற்றப்போகிறார்கள், போனால் போகட்டும் என்று யாரும் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. மைக் அக்கா கணவரைப் பார்த்துச் சிரித்தாள், தங்கையைப் பார்த்துச் சிரித்தாள், பல் டாக்டரின் மாமியாரைக்கூடப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

இரண்டாம் பாதி தொடங்க வேண்டும். முன்வரிசையில் கணவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள், பழக்கதோஷத்தில் சட்டென்று எழுந்தாள். பின்னால் நிற்பவர்களுக்கு நாற்காலி போட வேண்டும். கதவைச் சாத்த வேண்டும். ஓரத்தில் ஒரு குழந்தை அழுகிறது, அதையும் பார்க்க வேண்டும். இரண்டடி வைத்திருப்பாள்.

"உக்காருங்கக்கா!"

சொன்னது ஒருவர் அல்ல. மேடையிலிருந்த கைதிகள், தையல் கிளாஸ், சதுரங்கக்காரர்கள், பாட்டுக் குழு, வாசலில் எட்டிப் பார்த்தவர்கள் என்று கூடமே ஒன்றாகச் சொன்னது. அவ்வளவு பெரிய சத்தத்தை அந்தக் கூடத்தில் அவளே போட்டதில்லை. அழுதுகொண்டிருந்த குழந்தைகூட வாயை மூடிக்கொண்டது. பின்னால் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போட்டார்கள். யாரோ போய்க் கதவைச் சாத்தினார்கள்.

மைக் அக்கா உட்கார்ந்தாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமல், அந்தக் கூடத்தில் ஒரு நாடகத்தை முதல் தடவையாக உட்கார்ந்து பார்த்தாள்.